எலன் க்னாஃப் வழக்கு: குடியுரிமை கேட்டு வந்த மனைவி எல்லிஸ் தீவில் நின்ற கதை

1948 ஆகஸ்ட் 14. பிராங்க்பர்ட்டில் அமெரிக்க ராணுவத்திடம் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்காக நியூயார்க் வந்து சேர்கிறார். பெயர் எலன் க்னாஃப். கல்யாணமாகி ஆறு மாதம்கூட நிறையவில்லை. அதிகாரிகள் அவரை ஊருக்குள் விடாமல், நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இருந்த குடியேற்ற நிலையத்தில் தடுத்து வைத்தார்கள். அக்டோபர் 6 அன்று குடியேற்றத் துறையின் உதவி ஆணையர், இந்தப் பெண்ணை நிரந்தரமாக அனுமதிக்கக் கூடாது, விசாரணையும் தேவையில்லை என்று பரிந்துரைத்தார். அதே நாளில் அட்டர்னி ஜெனரல் (நீதித் துறையின் தலைவர்) டாம் கிளார்க் அதை ஏற்று இறுதி ஆணை போட்டார். இவர் உள்ளே வருவது அமெரிக்காவின் நலனுக்குப் பாதகம் என்பது மட்டும்தான் சொல்லப்பட்டது. எப்படிப் பாதகம், யார் சொன்னார்கள், என்ன ஆதாரம் என்பதெல்லாம் ரகசியம்.

வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட அமெரிக்க ராணுவக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் குடியுரிமை சுலபம் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. குடியுரிமைச் சட்டத்தை மட்டும் எடுத்துப் படித்தால் அது சரிதான். இப்படிப்பட்ட கணவன் மனைவிமாருக்கு மற்ற பலருக்கு இல்லாத தளர்வுகள் அதில் இருக்கின்றன, அன்றும் இருந்தன. சிக்கல் வருவது அதற்கு ஒரு படி முன்னால், நாட்டுக்குள் நுழையும் இடத்தில். எலனின் வழக்கு முழுக்க அந்த ஒரு படியில்தான் நடந்தது.

யார் இந்த எலன்

1915-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியின்போது செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனார். அங்கே ஒரு திருமணம், பிறகு விவாகரத்து. 1939-இல் அகதியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1943 ஜனவரி 1 முதல் 1946 மே 30 வரை பிரிட்டிஷ் விமானப்படையில் பணி. அந்தப் பணியைத் திறமையாகவும் கௌரவமாகவும் செய்தார் என்று, அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய நீதிபதியே பதிவு செய்திருக்கிறார். போர் முடிந்ததும் ஜெர்மனியில் அமெரிக்கப் போர்த் துறையில் சிவிலியன் வேலை கிடைத்தது. அங்கேயும் அவருடைய வேலைக்கு 'மிக நன்று', 'மிகச் சிறப்பு' என்ற மதிப்பீடுகள்.

கணவர் கர்ட் க்னாஃப் விண்ணப்பித்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்து, கௌரவமாக விடுவிக்கப்பட்டவர். கல்யாணத்தின்போது அவர் சீருடையில் இல்லை. ஆனால் பிராங்க்பர்ட்டில் ராணுவத்தின் சிவிலியன் ஊழியராக இருந்தார். 1948 பிப்ரவரி 28 அன்று, பிராங்க்பர்ட் தளபதியின் அனுமதியோடு திருமணம் நடந்தது. அந்த அனுமதி சாதாரண விஷயம் இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜெர்மனியில் அமெரிக்கப் படையினர் ஜெர்மானியரை மணக்க 1946 டிசம்பர் வரை தடையே இருந்தது. அதற்குப் பிறகும் மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். ராணுவம் இந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தபோது ஒருமுறையும் கல்யாணத்துக்கு அனுமதி தந்தபோது இன்னொரு முறையும் பார்த்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சட்டம் கொடுத்ததும் பிடித்து வைத்ததும்

ஒரு காலத்தில் அமெரிக்கரைக் கட்டிக்கொண்ட பெண் தாலி ஏறிய மாதிரியே குடியுரிமையும் ஏறியவள்தான். 1855 சட்டம் அப்படி இருந்தது, இன அடிப்படையில் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவளாக இருந்தால் போதும். 1922 செப்டம்பர் 22-இன் கேபிள் சட்டம் அதை முடித்து வைத்தது. அன்றிலிருந்து மனைவி தன் பெயரில், தன் தகுதியில் விண்ணப்பிக்க வேண்டும். திருமணம் காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும், அவ்வளவே.

1940-இன் குடியுரிமைச் சட்டம் ஒரு படி மேலே போனது. கணவனோ மனைவியோ அமெரிக்க அரசு வேலையில் வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்டிருந்தால், அவருடைய துணை அமெரிக்காவில் இத்தனை வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. குடியுரிமை வாங்கும் நேரத்தில் அமெரிக்காவில் இருக்க வேண்டும், வெளிநாட்டு வேலை முடிந்ததும் அமெரிக்காவில் வந்து குடியிருப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். கர்ட் மாதிரி பிராங்க்பர்ட்டில் வேலையில் இருப்பவரின் மனைவிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி இது.

ஆனால் குடியுரிமைக்கு முன்னால் உள்ளே வர வேண்டுமே. அதற்குத்தான் 1945 டிசம்பர் 28-இன் போர் மணமகள் சட்டம். படையில் இருக்கும், அல்லது உலகப் போரில் பணியாற்றிக் கௌரவமாக விடுவிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர்களையும் குழந்தைகளையும் நாட்டுவாரி ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே விட வந்த சட்டம் அது. ஆவணக் குறைபாடு, உடல்நலக் குறைபாடு போன்ற தடைகளையும் தளர்த்தியது. மூன்று வருடம் அமலில் இருந்தது. 1946 பிப்ரவரியில் எஸ்.எஸ். அர்ஜென்டினா கப்பல் 450-க்கும் மேற்பட்ட மணமகள்களோடு சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்தபோது பத்திரிகைக்காரர்கள் கூட்டமாகக் காத்திருந்து வரவேற்றார்கள்.

எல்லா மணமகளுக்கும் அந்த வரவேற்பு இல்லை. இன அடிப்படையில் குடியேறவே தகுதியில்லை என்று வைக்கப்பட்டிருந்த நாட்டுப் பெண்களுக்கு, ஜப்பானியப் பெண்களுக்கு உதாரணமாக, இந்தச் சட்டம் முதலில் உதவவில்லை. 1947 ஜூலையில்தான் ஒரு திருத்தம் வந்தது, அதுவும் குறுகிய கால அவகாசத்தோடு. நம்மவர் நிலையையும் சொல்லிவிடலாம்: 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946 ஜூலை 2 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட பிறகுதான் அது மாறியது, அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர் என்ற ஒதுக்கீட்டோடு.

எலனுக்கு இனத் தடை எதுவும் இல்லை. அவரை மாட்டிவிட்டது வேறு. போர் மணமகள் சட்டம் தன் தளர்வுகளை எல்லாம், குடியேற்றச் சட்டங்களின் மற்ற விதிகளின்படி அனுமதிக்கத் தக்கவராக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனைக்கு உட்படுத்தியிருந்தது. அந்த 'மற்ற விதிகளில்' ஒன்று 1941 ஜூனில் வந்த சட்டம். போர்க்கால அவசர நிலையில் யார் வரலாம், வரக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்க அது ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. ரூஸ்வெல்ட் அதே ஆண்டு நவம்பரில் பிரகடனம் வெளியிட்டார். அதன் கீழ் வந்த விதிகளின்படி, ரகசியத் தகவல் அடிப்படையில் ஒருவரை அட்டர்னி ஜெனரல் தடுக்கலாம், அந்தத் தகவலை வெளியிடுவது பொது நலனுக்குக் கேடு என்று கருதினால் விசாரணையையே மறுக்கலாம். 1948-இல் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவசர நிலை மட்டும் காகிதத்தில் உயிரோடு இருந்தது.

நான்குக்கு மூன்று

எலன் ஆட்கொணர்வு மனு போட்டார். மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் குந்தர் ஜேக்கப்சன். 1950 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது: அரசுக்குச் சாதகமாக நான்கு பேர், எதிராக மூன்று பேர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், சில மாதங்களுக்கு முன்புதான் பதவிக்கு வந்திருந்த நீதிபதி ஷெர்மன் மிண்டன். அவருடைய வாதத்தில் சுற்றி வளைப்பே இல்லை. அமெரிக்காவுக்குள் வருவது வெளிநாட்டவருக்கு உரிமை அல்ல, அரசு வைக்கும் நிபந்தனைப்படி கிடைக்கும் சலுகை. வாசலில் நிறுத்தப்பட்ட அந்நியருக்கு, நாடாளுமன்றம் என்ன நடைமுறையை அனுமதித்திருக்கிறதோ அதுவேதான் நியாயமான நடைமுறை. நிர்வாகத்தின் அந்த முடிவை நீதிமன்றம் தோண்டிப் பார்க்காது. போர் மணமகள் என்பதால் பாதுகாப்புக் காரணங்களிலிருந்து விலக்கு இல்லை, ஏனென்றால் சட்டம் அதைத் தளர்த்தவில்லை.

மறுபக்கம் ராபர்ட் ஜாக்சன். நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை அமெரிக்கா சார்பில் நடத்திவிட்டுத் திரும்பியவர். அவருடைய மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதிகள் பிளாக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டரும் சேர்ந்துகொண்டார்கள். ஜாக்சன் எலனிடமிருந்து ஆரம்பிக்கவில்லை, கணவனிடமிருந்து ஆரம்பித்தார். இந்த அமெரிக்கக் குடிமகனிடம் உன் மனைவியைக் கூட்டிவர முடியாது என்கிறார்கள், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். அவர் சொந்த நாட்டில் வாழ மனைவியை விட வேண்டும், அல்லது மனைவியோடு வாழ நாட்டை விட வேண்டும். ஆட்கொணர்வு மனுவைப் பற்றி ஐரோப்பாவிடம் ஓயாமல் பெருமை பேசும் நாம், அதே மனுவோடு அவர் வந்தபோது, நீதிமன்றத்துக்குக்கூடக் காரணம் தெரியக் கூடாது என்கிறோம். சாட்சியம் ரகசியமாக இருக்க வேண்டும் என்ற வாதம், கெட்ட எண்ணம் கொண்டவனும் தவறான தகவல் உள்ளவனும் வம்புக்காரனும் ஊழல்காரனும் பிடிபடாமல் காட்டிக்கொடுக்க ஒரு போர்வை என்று எழுதினார். ஃபிராங்க்ஃபர்ட்டர் தனியாகவும் ஒரு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்: படைவீரர்களுக்குக் காட்டிய தாராளத்தை இவ்வளவு குறுக்கிப் படிக்க வேண்டிய அவசியம் என்ன என்பது அவர் கேள்வி.

மொத்தம் ஒன்பது நீதிபதிகள், ஏழு பேர்தானே வாக்களித்திருக்கிறார்கள்? மற்ற இருவரில் ஒருவர் டாம் கிளார்க்கேதான். எலனைத் தடுத்து ஆணை போட்ட அதே அட்டர்னி ஜெனரல் 1949-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார், அதனால் ஒதுங்கிக்கொண்டார். இன்னொருவர் வில்லியம் டக்ளஸ். 1949 அக்டோபரில் குதிரையிலிருந்து விழுந்து எலும்புகள் முறிந்து படுத்திருந்தார். அவர் இருந்திருந்தால் எலன் பக்கம் நின்றிருப்பார் என்பது என் கணிப்பு. 1953-இல் இதே போன்ற வழக்கில் அவர் அப்படித்தான் நின்றார். அப்போது நான்குக்கு நான்கு. சமன் வந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கும், எலன் எப்படியும் தோற்றிருப்பார். ஆனால் சமனான தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது. எழுபத்தைந்து வருடமாக எத்தனையோ தம்பதியர் மீது எடுத்து வீசப்படும் ஒரு தீர்ப்பு பிறந்தே இருக்காது.

அந்த 1953 வழக்கு பஃபலோ நகரில் 25 வருடம் வாழ்ந்துவிட்டு வெளிநாடு போய்த் திரும்பிய மெஸை என்பவருடையது. அவரும் எல்லிஸ் தீவில், ரகசியக் காரணத்தால், எந்த நாடும் ஏற்றுக்கொள்ளாத நிலையில் மாட்டிக்கொண்டார். ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார் என்கிறீர்கள்? டாம் கிளார்க்.

நீதிமன்றத்தில் தோற்று, வெளியே வென்றது

சட்டப் புத்தகங்களில் கதை 1950 ஜனவரியோடு முடிந்துவிடும். எலனுக்கு முடியவில்லை. செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் பத்திரிகை இந்த வழக்கை விடாமல் எழுதியது. அவர் ஒருவருக்காகவே தனி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே குடியேற்றத் துறை அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பத் தயாரானது. 1950 மே மாதம் கடைசி நேரத்தில் தடை விதித்து அதை நிறுத்தியவர் நீதிபதி ஜாக்சன். இந்த வருடங்களில் எலன் சில காலம் வெளியே விடப்பட்டார், மறுபடி தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்.

அழுத்தம் தாங்காமல் அரசு 1951 மார்ச்சில் விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு நடந்த அந்த விசாரணையில் குற்றச்சாட்டு வெளிப்படையாக வந்தது: ஜெர்மனியில் அமெரிக்கத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தபோது செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தகவல் கொடுத்தார் என்று. விசாரணைக் குழு அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. ஆனால் ஆகஸ்ட் 29 அன்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்து செய்தது. சாட்சிகள் சொன்னது எல்லாம் செவிவழிச் செய்தி, நேரடி ஆதாரம் எதுவும் இல்லை என்பது வாரியத்தின் முடிவு. புதிய அட்டர்னி ஜெனரல் ஹோவர்ட் மெக்ராத் அதை ஏற்க, 1951 நவம்பர் 2 அன்று எலன் அமெரிக்காவுக்குள் வந்தார்.

வாரியத்தில் இருந்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சாட்சியை எதிரில் உட்கார வைத்து உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதே போதுமானதாக இருந்தது. 1948 அக்டோபரில் அதைக் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று இதே நிலையில் ஒருவர் இருந்தால்

1940 சட்டத்தின் அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது, குடியேற்ற மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 319(பி) பிரிவாக. அமெரிக்கக் குடிமகனான துணை ராணுவத்திலோ அரசு வேலையிலோ வெளிநாட்டில் குறைந்தது ஒரு வருடத்துக்காவது பணியமர்த்தப்பட்டிருந்தால், மற்றவர்களுக்கு உள்ள மூன்று அல்லது ஐந்து வருட வசிப்பு நிபந்தனை இல்லை. பணி முடிந்ததும் அமெரிக்கா திரும்பும் எண்ணம் வேண்டும் என்பதும் அப்படியே தொடர்கிறது.

2008 ஜனவரியில் இன்னொரு கதவு திறந்தது, 319(இ). அதற்கு முன் ராணுவக் குடும்பங்களின் பெரிய குறை இதுதான்: கணவனுக்கு ஜெர்மனியிலோ ஜப்பானிலோ போஸ்டிங், கூடப் போனால் அமெரிக்காவில் இருந்த நாள் கணக்கு கெட்டுவிடும், போகாவிட்டால் குடும்பம் பிரியும். புதிய விதிப்படி, ராணுவ ஆணையில் கூடப் போக அனுமதிக்கப்பட்டு, அங்கே சேர்ந்து வாழும் துணைக்கு, வெளிநாட்டில் கழிந்த காலம் அமெரிக்காவில் வாழ்ந்த காலமாகவே கணக்கில் வரும். நேர்காணலும் உறுதிமொழியும்கூட வெளிநாட்டிலேயே தூதரகத்திலோ ராணுவத் தளத்திலோ நடக்கலாம். ஆங்கிலத் தேர்வும் குடிமையியல் தேர்வும் மட்டும் இந்தத் தளர்வுகளால் போகாது. படைப்பணியில் இறந்த குடிமகனின் துணைக்கும், சாகும்போது சேர்ந்து வாழ்ந்திருந்தால், வசிப்புக் கால நிபந்தனை இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, ஜெர்மனியில் உள்ள அமெரிக்க ராணுவத் தளமான ராம்ஸ்டைனில் இருக்கும் கணவனோடு வாழும் ஒரு பெண் நேரடியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட முடியுமா? முடியாது. முதலில் அவரிடம் கிரீன் கார்டு இருக்க வேண்டும். அதற்குக் கணவன், இவர் என் மனைவி என்று காட்டும் ஐ-130 மனு போட வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் இருக்கும் படைவீரர்களின் மனுவைத் தூதரகத்திலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு, அது உண்மையான வசதி. அப்புறம் விசா நேர்காணல், பாதுகாப்புச் சோதனை, கடைசியில் அமெரிக்காவுக்குள் ஒருமுறை வந்து இறங்கினால்தான் நிரந்தர வசிப்புரிமை. குடியுரிமைச் சட்டத்தின் எல்லாத் தளர்வும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எலன் நின்ற இடமும் இதுதான், எல்லிஸ் தீவுக்குப் பதில் இப்போது விசா ஜன்னல்.

க்னாஃப் தீர்ப்பு செல்லாக்காசு ஆகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஜூன் 21 அன்று வெளியுறவுத் துறைக்கும் முன்யோஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. முன்யோஸ் அமெரிக்கக் குடிமகளான ஒரு வழக்கறிஞர், அவருடைய எல் சால்வடோர் நாட்டுக் கணவருக்கு விசா மறுக்கப்பட்டது. காரணம் கேட்டு அவர் வழக்குப் போட்டார். நீதிபதி எமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பு, வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் கொண்டுவரும் அடிப்படை உரிமை எந்தக் குடிமகனுக்கும் இல்லை என்றது. போர் மணமகளையே உள்ளே விடாத நாடு இது என்று காட்ட எலனின் வழக்கு அங்கே உதாரணமாக வந்தது. ஜாக்சன் கணவனுக்காக எழுப்பிய கேள்விக்கு வந்த நேரடி பதில் என்று இதைப் படிக்கலாம்.

அதனால் இந்த வழியில் போகிறவர்கள் வழக்கறிஞர் செலவை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் விசா கட்டத்தில். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: விசாவுக்குத் தாங்களே படிவம் நிரப்பிவிட்டு, குடியுரிமை விண்ணப்பத்துக்கு வக்கீல் பிடிக்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வரும், வேறொரு அதிகாரி முன் மறுவிசாரணை கேட்கலாம், அதிலும் தோற்றால் மாவட்ட நீதிமன்றம் முழு வழக்கையும் புதிதாக விசாரிக்கும். தூதரக அதிகாரி பாதுகாப்புக் காரணம் என்று விசாவை மறுத்தால் அந்த வழிகள் ஏறக்குறைய எதுவும் இல்லை. பழைய கைது, பழைய திருமணம், வேறு நாட்டு ராணுவத்திலோ அரசிலோ பார்த்த வேலை, முன்பு கொடுத்த விசா விண்ணப்பத்தில் மாறிப்போன ஒரு தேதி என்று ஏதாவது இருந்தால், விளக்கமும் ஆவணமும் நேர்காணலுக்கு முன்பே கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தளத்தில் இருக்கும் ராணுவச் சட்ட உதவி அலுவலகத்தில் இதற்கு இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.